முந்தி வந்தவள்

வட இங்கிலாந்து
10.11.1974

அன்புள்ள அத்தானுக்கு,

மூக்கு ஒழுகும் தடிமன் ஒன்றைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. நீங்களும் மச்சாளும் மீனாவும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே மாரி தொடங்கியிருக்கும். கிணறு எவ்வளவு ஏறியது என்று எழுதுங்கள்.

இந்த மாதம் முதல் எனக்கு மேட்டுநிலத்தில் வேலை. ஆடுகளும் காற்றும் தவிர வேறொன்றுமில்லாத வெளியில் எங்கள் தண்ணீர்த் தொட்டிகள் தூரத் தூர நிற்கின்றன. நடுவில் ஒரு பலகைக் கொட்டில். அதற்குள் பதிவுக் கருவிகளோடு நான்.

என்ன தேடுகிறோம் என்று கேட்டிருந்தீர்கள். வானவெளியிலிருந்து வரும் ஒரு துணிக்கை காற்றுமண்டலத்தின் உச்சியில் மோதி உடைகிறது. உடைந்த துகள்கள் மழைபோல நிலத்துக்கு இறங்குகின்றன. அந்த மழை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் வரும். அதே மோதலில் ஒளியை விட வேகமான ஏதாவது பிறந்திருந்தால், அது மழையை முந்திக்கொண்டு எங்கள் தொட்டிக்கு வந்திருக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு மழைக்கும் ஒரு கண் இமைப்பிலும் மிகச் சிறிய நேரம் முந்தி ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று யாரும் இதுவரை காட்டியதில்லை.

கொட்டிலில் விரல் விறைத்துப் பேனை பிடிக்கமுடியவில்லை. பேராசிரியரிடம் கேட்டு ஒரு மின்சார ஹீற்றர் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். "யாழ்ப்பாணத்துக்காரி" என்று சிரித்தார்.

மீனா என்னைக் கேட்கிறாளா? நான் புறப்பட்டபோது செருப்பைச் 'சிரிப்பு' என்பாள். இன்னும் அப்படித்தானா?

உங்கள்
பத்மாசினி


கொக்குவில்
2.12.1974

அன்பின் பத்மாவுக்கு,

உம்முடைய கடிதம் சனிக்கிழமை வந்தது. நல்லூரான் புண்ணியத்தில் மூவரும் சுகமாக இருக்கிறோம். கிணறு மேல்படி வரை வந்துவிட்டது. தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியும், அங்கே கிடைத்தால்.

உம்முடைய ஆராய்ச்சியைக் காலை ரயிலில் அருளம்பலத்துக்குச் சொன்னேன். எங்கள் சிமெந்து ஆய்வுகூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவருக்கு. காங்கேசன்துறை வரும்வரை யோசித்துவிட்டு, "ஐசே, அப்பிடியெண்டால் ரிக்கற் எடுக்கமுதலே போய் இறங்கிடலாமோ?" என்று கேட்டார். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது அவ்வளவு முட்டாள்தனமான கேள்வியா என்ற சந்தேகம் பின்னேரம் வரை விடவில்லை. ஒளியை முந்தினால் வேகம்தானே கூடும், காலம் ஏன் குழம்பவேண்டும்? நானும் விஞ்ஞானம் படித்தவன்தான், ஆனால் சுண்ணாம்போடு பழகிப் பழகி மூளை இறுகிவிட்டது. விளங்கும்படி எழுதும்.

மீனா நல்ல சுகம். செருப்பைச் செருப்பு என்றே சொல்கிறாள்.

இப்படிக்கு
சோமசேகரம்


வட இங்கிலாந்து
27.12.1974

அன்புள்ள அத்தானுக்கு,

பனி முழங்கால் மட்டும் கிடக்கிறது. நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் நினைத்தபடி எழுதுகிறேன்.

அருளம்பலத்தாரிடம் அவருடைய கேள்வி சரியான கேள்வி என்று சொல்லுங்கள். இப்படி யோசியுங்கள். நீங்கள் காங்கேசன்துறையில் ஒரு வெடி கொளுத்துகிறீர்கள். அந்தச் செய்தி ஒளியை விட வேகமாகக் கொழும்புக்குப் போகிறது. நிலத்தில் நிற்கும் எங்களுக்கு முதலில் வெடி, பிறகு செய்தி. ஆனால் எங்களைக் கடந்து மிக மிக வேகமாகப் பறக்கும் ஒருவன் தன் கடிகாரங்களைக் கொண்டு பிழையில்லாமல் கணக்கிட்டால், கொழும்பில் செய்தி வந்த பிறகே வெடி வெடித்தது என்று எழுதுவான். அவனும் சரி, நாமும் சரி. ஒளியை முந்தாதவரை எது முன், எது பின் என்பதில் உலகம் முழுவதும் ஒத்துப்போகிறது. முந்தினால் அந்த ஒத்துமை உடைந்துவிடும். அவன் அதே வேகத்தில் ஒரு பதில் அனுப்பினால், நீங்கள் நெருப்புக்குச்சி கிழிக்குமுன்பே அது உங்களிடம் வந்து, "கொளுத்தாதே" என்று சொல்லலாம். அதனால்தான் பெரும்பாலானோர் அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்கிறார்கள்.

ஆனால் அத்தான், என் பதிவுகளில் ஏதோ இருக்கிறது! மழைக்கு முந்தி ஒரு சிறு துடிப்பு. எல்லா மழைக்கும் இல்லை. ஆனால் தற்செயல் என்று தள்ளக்கூடியதை விட அதிகம். பேராசிரியர் என் மேசைக்கு வந்து பார்த்துவிட்டு நெடுநேரம் எழும்பவில்லை. இது நிலைத்தால் இன்னும் இரண்டு வருடம் இங்கேயே எனக்கு ஓர் ஆய்வாளர் வேலை உண்டு என்றார்.

இரண்டு வருடம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மீனாவைப் பற்றி ஒரு வரிதான் எழுதுகிறீர்கள். என் படத்தைக் காட்டுகிறீர்களா? பார்த்தால் என்ன சொல்கிறாள்?

உங்கள்
பத்மா


கொக்குவில்
26.1.1975

அன்பின் பத்மாவுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. அக்கா பொங்கினா, பால் கிழக்கே சரிந்தது. எல்லோரும் சுகம். நீர் பனியில் கவனமாக நடவும்.

உம்முடைய வெடி உதாரணத்தை மூன்று தரம் வாசித்தேன். இப்போது விளங்குகிறது; விளங்குவதால் நிம்மதி குறைந்திருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை எங்கள் வீட்டுப் பெண் கண்டுபிடிக்கப்போகிறா என்று அருளம்பலம் தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

இரண்டு வருடம் பற்றி: அது உம்முடைய விருப்பம். எங்களை யோசித்து ஒன்றும் முடிவுசெய்ய வேண்டாம். "கொளுத்தாதே" என்று முந்தி அனுப்ப எனக்குச் செய்தி ஒன்றும் இல்லை.

மீனா அ, ஆ எழுதுகிறாள். போன கிழமை கூரைக்கு ஓலை மாற்றினோம். வெங்காயம் நல்ல விளைச்சல்.

இப்படிக்கு
சோமசேகரம்


கொக்குவில்
20.2.1975

அன்புள்ள பத்மாவுக்கு நாகேஸ்வரி மச்சாள் எழுதுவது,

கடவுள் துணையால் நீர் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். இது தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவன் உமக்கு எழுதமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை மீனாவைப் பாலர் வகுப்பில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். ரீச்சர், "அம்மாவின்ரை பேர் என்ன?" என்று கேட்டா. பிள்ளை, "நாகேஸ்வரி" என்றாள். எனக்கு முகம் எரிந்தது. "நான் மாமி எல்லே, வடிவாச் சொல்லு" என்றேன். அதற்கு அவள் ரீச்சரைப் பார்த்து, "எனக்கு ரெண்டு அம்மா. இவ வீட்டு அம்மா. மற்றவ கடித அம்மா. அவ நீலக் கடதாசியிலை மடிஞ்சு வாறவ" என்றாள்.

நான் சொல்லிக் கொடுத்தது இல்லை, பத்மா. நீர் போய் ஆறு மாதம் ஆகுமுன்பே அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள். எத்தனையோ தரம் திருத்தினேன். பிறகு திருத்துவதைக் குறைத்துவிட்டேன். எனக்கென்று ஒரு பிள்ளை இருந்ததில்லை. என்னைக் கட்டியவர் கண்மூடிய பிறகு இருக்கப்போவதும் இல்லை. இதை நீர் எப்படி எடுத்தாலும் சரி.

உமது படத்தைக் காட்டினால் ஓடிவிடுகிறாள். அதனால் தம்பி அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டான். அவன் பின்னேரங்களில் அலுமாரியைத் திறந்துகொண்டு நிற்கிறதைக் கண்டிருக்கிறேன்.

நீர் படிப்பை விட்டுவிட்டு வாரும் என்று நான் எழுதவில்லை. தெரிந்திருக்கவேண்டியது உமது உரிமை. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

நாகேஸ்வரி


வட இங்கிலாந்து
23.3.1975

அத்தானுக்கு,

மச்சாளின் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. அவவோடு கோபிக்கவேண்டாம். எனக்கு யாரும் செய்யாத உதவியை அவ செய்திருக்கிறா.

நான் கார்த்திகையில் கேட்டேன், மார்கழியில் கேட்டேன். நீங்கள் கிணற்றையும் வெங்காயத்தையும் எழுதினீர்கள். எனக்கு வந்த கடிதங்களிலெல்லாம் மீனா 'நல்ல சுகம்'. அந்த வரிகளை வைத்துக்கொண்டு இங்கே ஒரு பிள்ளையை வளர்த்துவந்தேன். நான் விட்டுவந்த மூன்று வயதுப் பிள்ளை, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக உயரமாகி, என்னையே கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை. அப்படி ஒருத்தி இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஏன் எழுதவில்லை? அதை மட்டும் சொல்லுங்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைக்குப் போகிறேன்.

பத்மாசினி


கொக்குவில்
13.4.1975

அன்பின் பத்மாவுக்கு,

நாளை வருடம் பிறக்கிறது. உமக்கு நல்ல வருடமாக அமையட்டும் என்று வாழ்த்த எனக்கு முகமில்லை, ஆனாலும் வாழ்த்துகிறேன்.

நீர் கேட்டதற்குப் பதில். பேராதனையில் நாங்கள் படித்த காலத்திலேயே, உம்முடைய மூளை என்னுடையதிலும் பெரியது என்று எனக்குத் தெரியும். புலமைப்பரிசில் உமக்குக் கிடைத்தபோது ஊர் என்னைக் கேட்டது: "பெண்சாதியை அனுப்பிப்போட்டு நீர் பிள்ளை வளர்க்கப்போறீரோ?" ஓம் என்றேன். வீம்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான். பிறகு பிள்ளை என் அக்காவை அம்மா என்றாள். அதை எழுதினால் நீர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவீர். வந்தபிறகு காலம் முழுக்க, அந்தப் பதிவுச் சுருளில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே சோறு போடுவீர். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

ஆனால் அதை முடிவுசெய்ய நான் ஆர்? உம்முடைய முடிவை உமக்குத் தெரியாமல் நானே எடுத்துவிட்டேன். தையில் உமக்கு எழுதியதும் பொய். முந்தி அனுப்ப என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது. போகவேண்டாம் என்று உமக்கு அல்ல; "உள்ளதை எழுதடா" என்று போன மார்கழியில் மேசையில் குந்தியிருந்த சோமசேகரத்துக்கு.

இனி உள்ளதை எழுதுகிறேன். மீனாவுக்கு முன்பல்லில் சிறு உடைவு, வாங்குப் பலகையிலிருந்து விழுந்தது. இருட்டுக்குப் பயம் இல்லை, சேவலுக்குப் பயம். உம்முடைய மூக்கு. என்னுடைய பிடிவாதம். இரண்டு வருடம் நீர் இருந்தாலும் வந்தாலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் எனக்குக் கவலை இல்லை என்று இனி எழுதமாட்டேன்.

அன்புடன்
சோமசேகரம்


வட இங்கிலாந்து
29.6.1975

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் சித்திரைக் கடிதத்தை வாசித்தேன், வாசித்துக்கொண்டே இருக்கிறேன். பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்து எழும்பினேன். இப்போது வேறொன்று நடந்துவிட்டது. உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

வைகாசியிலிருந்து அந்தத் துடிப்பைக் காணவில்லை. ஒன்றுகூட இல்லை. ஒளியை விட வேகமானது கோடை காலத்தில் லீவு எடுக்குமா? மாரிகாலச் சுருள்களை விரித்துத் திரும்பப் பார்த்தேன். துடிப்பு வந்த இரவுகள் எல்லாம் கடும் குளிர் இரவுகள். பிறகுதான் என் கண் கொட்டிலின் மூலையில் இருந்த ஹீற்றரில் விழுந்தது.

அது சூடேறியதும் தானாக அணையும், ஆறியதும் தானாக மூளும். மூளும்போது அதன் உள்ளே இரண்டு பொறிகள் அடுத்தடுத்துத் தெறிக்கின்றன. முதற்பொறியைக் கருவி துடிப்பாகப் பதிகிறது. பெரிதான இரண்டாம் பொறியை மழை என்று நினைத்துக்கொள்கிறது. மழையை முந்தி வந்தது ஒன்றுமில்லை, அத்தான். எனக்குக் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

பேராசிரியர் அடுத்த மாதம் ஜேர்மனியில் பெரிய கூட்டத்தில் இதைப் பேசப்போகிறார். அவருக்கு இன்னும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் வரும் மாரியில் வேறு யாராவது கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்காமலும் விடலாம். ஹீற்றரை மெதுவாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் போதும் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அதையும் உங்களுக்குத்தான் எழுதமுடியும்.

உங்கள் பதில் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆனாலும் எழுதுங்கள்.

பத்மா


கொக்குவில்
11.7.1975

அன்பின் பத்மாவுக்கு,

கடிதம் இன்று மத்தியானம் கண்டேன். தபால்காரர் போகுமுன் இதைக் கொடுத்துவிட எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம்.

சொல்லிவிடும். நான் ஆறு மாதம் சொல்லாமல் இருந்து பார்த்தவன். ஒவ்வொரு கிழமையும் அது பாரமாகுமே தவிர இறங்காது.

இன்னொன்று. என்னை மூன்று மாதத்துக்குப் புத்தளம் சிமெந்துத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். அடுத்த கிழமை போகிறேன். எந்த விடுதி என்று இன்னும் தெரியாது. கடிதத்தை வீட்டுக்கே போடும், அக்கா திருப்பி அனுப்புவா.

சோமசேகரம்


வட இங்கிலாந்து
18.7.1975

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை சொல்லிவிட்டேன்.

பேராசிரியர் முழுவதையும் கேட்டார். "காட்டுங்கள்" என்றார். நல்ல வெயில். இரண்டு பேரும் கொட்டிலின் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டு ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிய இருந்தோம். அது அணைந்து, ஆறி, மூண்டது. பதிவுப் பேனை துள்ளியது. முதலில் சிறியது, அடுத்துப் பெரியது. அவர் எழும்பி வெளியே போய் ஆடுகளைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து தேத்தண்ணி ஊற்றி, என் கையில் ஒரு கோப்பை தந்தார். "ஜேர்மனியில் நான் இதைப் பேசிய பிறகு வேறு யாரும் சொல்லியிருந்தால் நான் ஒழிந்தேன்" என்றார்.

கூட்டத்தில் பேசுவதை நிறுத்திவிட்டார். இரண்டு வருட வேலை இனி இல்லை. ஆனால் கோடைப் பதிவுகள் சுத்தமானவை. அப்படி ஒன்றும் மழையை முந்தி வரவில்லை என்று அவை காட்டுகின்றன; அதுவே ஆய்வேட்டுக்குப் போதும் என்கிறார். எழுதுவதை எங்கிருந்தும் எழுதலாம்.

ஆகவே கேட்கிறேன். மீனாவுக்கு நான் வேண்டுமா என்று கேட்கமாட்டேன்; அவளுக்கு என்னைத் தெரியாது. மச்சாள் இருக்கும் இடத்தைப் பறிக்காமல், எனக்கு அந்த வீட்டில் இடம் இருக்கிறதா? உங்களுக்கு நான் வேண்டுமா? ஆய்வு தோற்றுப்போனதால் வருகிறேன் என்று நினைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பதிலைக் கண்ட பிறகே புறப்படுவேன்.

எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும் என்ற நினைவோடு,
பத்மா


புத்தளம்
4.8.1975

அன்பின் பத்மாவுக்கு,

முந்தாநாள் தந்தி வந்தது: "பத்மா வந்து சேர்ந்தா. அக்கா." கந்தோரில் எல்லோருக்கும் முன்னால் வாசித்துவிட்டு, திரும்பவும் வாசித்தேன்.

இன்று உம்முடைய ஆடி மாதக் கடிதம் வந்தது. இங்கிலாந்து முத்திரை, கொக்குவில் தபால் முத்திரை இரண்டும் அதில் இருக்கின்றன. கொக்குவில் முகவரியை வெட்டிப் புத்தளம் முகவரியை எழுதியிருப்பதும் உம்முடைய கையெழுத்துத்தான். பதிலைக் கண்ட பிறகே புறப்படுவேன் என்று எழுதியவ, கேள்வி என்னிடம் வந்து சேருமுன்பே என்ரை வீட்டில் இருக்கிறா. கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்ட பத்தாம் நாளே யாரோ ஒருவருடைய விமான இருக்கை கிடைத்து ஏறிவிட்டீராம் என்று அக்கா எழுதியிருக்கிறா. அருளம்பலம் கேட்டால் ஒரு கிழமை தூங்கமாட்டார்.

சூளையை இப்போதுதான் மூட்டினார்கள். பதினைந்து நாளுக்கு என்னால் அசையமுடியாது. ஒருவகையில் நல்லது. நேரில் கண்டால் நான் ரயிலையும் மழையையும் பற்றித்தான் கதைப்பேன். என்னை எனக்குத் தெரியும். நீர் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்கவேண்டும்.

வேண்டும். ஆய்வு வென்றிருந்தாலும் வேண்டும், இன்னும் பத்து வருடம் பிந்தி வந்திருந்தாலும் வேண்டும்.

பிள்ளை என்ன சொன்னாள்? ஒன்றும் ஒளிக்காமல் எழுதும்.

சோமசேகரம்


கொக்குவில்
9.8.1975

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே மூவரும் சுகம். புத்தளத்து வெக்கையில் மோர் குடியுங்கள்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். ரயிலால் இறங்கி வந்து படலையைத் திறந்தேன். முற்றத்தில் ஒரு பிள்ளை கோழிக்கூட்டுக்கு எட்ட நின்று சேவலை ஏசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "ஆரைத் தேடுறியள்?" என்றாள். நான் பெட்டியைக் கீழே வைத்தேன். "அப்பா புத்தளம் போட்டார். அம்மா சங்கக்கடைக்குப் போட்டா. இருங்கோ" என்று சொல்லி, ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். நானும் விருந்தாளி மாதிரி இருந்தேன். அவள் எட்ட நின்று என் சப்பாத்தையே பார்த்தாள். மச்சாள் வந்து, கையிலிருந்த பையைக் கீழே போட்டு, "ஐயோ பத்மா" என்ற பிறகுதான் நான் ஆரென்று அவளுக்குத் தெரிந்தது. உடனே மச்சாளின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் விடிய மச்சாள் பெட்டி அடுக்கினா. தெல்லிப்பழையில் சித்தி வீட்டுக்குப் போகிறாவாம். "நீர் வந்திட்டீர். இனி நான் இஞ்சை என்னத்துக்கு?" என்றா. சொல்லும்போது சேலைகளைத்தான் பார்த்தா. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். "மச்சாள், இந்தப் பிள்ளைக்கு ஒரு தரம் தாய் போனது போதும்" என்றேன். பெட்டி இப்போது கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. மச்சாள் எங்கும் போகவில்லை. மீனா அவவை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு அது கேட்க நோகிறது. ஒவ்வொரு முறையும் நோகிறது. திருத்தக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரு கிழமை என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் முன்னால் வந்து நிற்பாள், நான் பார்க்கும்வரை. படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்று என் கணக்குகளைப் பார்ப்பாள். "உது என்ன?" "வராத ஒண்டைத் தேடின கணக்கு." "வராட்டி ஏன் தேடினியள்?" பதிலுக்குக் காத்துநிற்காமல் முற்றத்துக்கு ஓடிவிட்டாள்.

இன்று காலை, இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியபோது, கிணற்றடியிலிருந்து குரல் கேட்டது. "பத்மா!" நீங்களும் மச்சாளும் சொல்வதைக் கேட்டுப் பழகியிருக்கிறாள். குசினிக்குள் இருந்த மச்சாள், "எடி, பெத்த தாயைப் பேர் சொல்லியே கூப்பிடுறது?" என்று அகப்பையோடு ஓடிவந்தா. "விடுங்கோ மச்சாள்" என்றேன்.

"பத்மா, எனக்கு முதுகு எட்டேல்லை. சவுக்காரம் போட்டுவிடுங்கோ."

"ஓம், வாறன்" என்று பேனையை வைத்துவிட்டுப் போனேன். தோளில் கை வைத்தபோது விலகவில்லை. நீங்கள் எழுதியபடிதான், முன்பல்லில் சிறு உடைவு. வாளி வாளியாக ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.

கை இப்போதுதான் காய்ந்திருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன்.

பத்மா